இடிந்து விழும் தொகுப்பு வீடுகளும் நாம் கையில் எடுக்க வேண்டிய அளவுகோலும்

(திருத்தணியில் தொகுப்பு வீட்டு மக்கள் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருத்தணி மலைக்கு எத்தனை படி என்று கேட்டால் இங்குள்ள சின்னக் குழந்தைகூட 365 என்று சொல்லும். இந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்ற சிக்கல் வந்தபோது, படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்துக் கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. படியை எண்ணிய ஊர், எல்லையை அளந்த ஊர். ஆனால் உங்கள் வீட்டுக் கூரையில் கம்பிக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்று கேட்டால், யாரிடமாவது பதில் உண்டா? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு தொகுப்பு வீட்டுக்குப் போயிருந்தேன். கூரைக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அந்த வீட்டு ஆயா பேரப்பிள்ளைகளை வெளியே படுக்க வைத்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருக்கிறார். மனு கொடுத்திருக்கிறார். பார்க்க வந்தவர் என்ன சொன்னாராம் தெரியுமா? "தூளி கட்ட கொக்கி அடிச்சா இப்படித்தாம்மா ஆகும். உங்களுக்கெல்லாம் வீட்ட வெச்சிக்கத் தெரியல."

தோழர்களே, கொக்கி இருந்தது ஒரு மூலையில். பெயர்ந்திருந்தது கூரை முழுக்க. அதைப் பார்த்த கண்ணுக்கு "உங்களுக்கெல்லாம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது? காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டியவனின் குற்றம் குடியிருப்பவரின் குணமாகிவிட்டது.

உண்மைக் காரணம் என்ன? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் உறைதான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கூரைத் தளத்துக்குக்கூடப் பொதுவாக 20 மில்லிமீட்டர் உறை கேட்கிறது. குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றச் சொல்கிறது. உறை குறைந்தால், தண்ணீர் விடாமல் காயவிட்டால், சிமென்ட்டைக் குறைத்து மணலைக் கூட்டினால், ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும். துரு, அது அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும்; அதனால் கம்பி பருக்கும். பருத்த கம்பி கீழிருக்கும் காரையைத் தள்ளிவிடும். தலையில் விழுவது அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் உறைமானி இருக்கிறது. பினாப்தலின் கரைசலை உடைந்த இடத்தில் தெளித்தால், காரத்தன்மை உள்ள நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். கெட்டது நிறம் மாறாது. அந்தக் கரைசலுக்கு யார் வீடு, எந்தத் தெரு என்று தெரியாது.

சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் சுவர்ப் பூச்சு விரலால் தொட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. ஐ.ஐ.டி. சென்னை வல்லுநர்கள் ஆய்வுக்கு அமர்த்தப்பட்டார்கள். பூச்சு தரமற்றது என்பது ஆய்வில் வெளிவந்தது. பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். முதலில் சுவரைச் சுரண்டிக் காட்டியது குடியிருந்த மக்கள்தான். ஆனால் அந்தச் சுரண்டல் ஆய்வறிக்கையாக மாறிய பிறகுதான் பழியை மக்கள் மேல் திருப்ப முடியாமல் போனது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் சரிந்தது. விரிசலைக் கண்டதும் மக்கள் வெளியேறியதால்தான் உயிர் தப்பினார்கள். மக்களின் கண்தான் அங்கே முதல் பொறியாளர்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில், சமூக வாடகை வீட்டில், அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். சுவரில் படர்ந்த பூஞ்சையைப் பற்றித் தந்தை பல ஆண்டுகளாகப் புகார் சொல்லியிருந்தார். வீட்டு நிர்வாகம் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைக் குறை சொன்னது. 2022இல் மரண விசாரணை, பூஞ்சைதான் காரணம் என்று சொன்னது. அந்தக் குழந்தையின் பெயரால் சட்டம் வந்தது: ஆபத்தான ஓதமும் பூஞ்சையும் என்று புகார் வந்தால் பத்து வேலை நாளுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். அங்கே நிறவெறி சொன்னதையே இங்கே சாதி சொல்கிறது: "உங்களுக்கு வாழத் தெரியல."

சரி, நமக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களின் வீடுகளுக்காக நிலம் எடுத்ததை எதிர்த்துப் போடப்பட்டது சமேலி சிங் வழக்கு. அதில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உறைவிட உரிமை என்பது தலைக்கு மேல் கூரை மட்டுமல்ல, பாதுகாப்பான கண்ணியமான கட்டடமும் அதில் அடங்கும் என்றது. 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில், அரசு அமைப்பு பணம் பெற்று வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் 'சேவை'தான் என்றது. பங்குத்தொகை கட்டி வீடு வாங்கியவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவச வீடு என்றால் அந்த வழி கடினம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். ஆனால் ரிட் வழக்கில் நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி உண்மையைத் தேடாது. "வீடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று அதிகாரி பதில் மனு போட்டால், நம் கையில் என்ன இருக்கிறது? அதற்குத்தான் தகுதி பெற்ற கட்டுமானப் பொறியாளரின் அறிக்கை வேண்டும். உரிமையியல் நீதிமன்றமென்றால், நேரில் பார்த்து அறிக்கை தர வழக்குரைஞர் ஆணையரை அமர்த்தும்படி கேட்கலாம்.

அதற்கும் முன்னால் பத்து ரூபாயில் ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதம் கேட்க மட்டும் என்று நினைக்கிறோம். அதன் 2(ஜெ) பிரிவு, அரசுப் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். மதிப்பீட்டைக் கேளுங்கள். வேலையை அளந்து பதிந்த எம்-புக்கைக் கேளுங்கள்.

2000-01க்கு முன் கட்டிய அரசுத் திட்ட வீடுகளில் 2.5 லட்சத்தை 2,000 கோடியில் பழுதுபார்ப்பதாக 2024இல் அரசு அறிவித்தது. எந்த வீட்டைப் பூசினால் போதும், எதை இடித்துக் கட்ட வேண்டும் என்று யாரோ ஒருவர் பார்த்து எழுதுகிறார். உங்கள் வீட்டைப் பற்றி எழுதிய தாளை நீங்கள் பார்த்ததுண்டா? கம்பி அரித்துப்போன கூரைக்கு மேல்பூச்சு மட்டும் போட்டால், அது நோயாளிக்குப் புதுச்சட்டை போடுவதுதான். அந்தத் தாளின் நகலை வாங்குங்கள்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறட்டும். கூரையும் மாற வேண்டும்.

கடைசியாக ஒன்று. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் கொத்தனார், எத்தனை பேர் சித்தாள்! சுவரைத் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே பூச்சு பிடித்திருக்கிறதா, பொள்ளலா என்று சொல்லிவிடுவீர்கள். ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்த கை உங்களுடையது. உங்களுக்கா வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாது? அறிவு நம்மிடம் இருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும்தான் இல்லை. அதற்கும் நம் தெருவிலேயே சிவில் படித்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கொத்தனார் தட்டிக் காட்டட்டும், பிள்ளை அளந்து எழுதட்டும், மூத்த பொறியாளர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும், வழக்குரைஞர் தாக்கல் செய்யட்டும்.

அடுத்த வாரத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். விரிசல் எங்கே, எவ்வளவு நீளம், எந்த மழையில் ஒழுகத் தொடங்கியது, தேதியோடு படம், கொடுத்த மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் திருவள்ளூர் போகும்போது வெறும் கண்ணீரோடு போக வேண்டாம். அந்தத் தாள்களோடு போவோம். "வெச்சிக்கத் தெரியல" என்று இனி எவராவது சொன்னால், "அளந்து பாருங்கள்" என்று சொல்லுவோம்.

ஜெய் பீம்!