சிறிய வீடு, ஈடில்லாத நிலம்

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



உரிமை பற்றிப் பேச வருவோர் மொழியைப் பற்றிப் பேசுவர். நிலத்தைப் பற்றிப் பேசுவர். நாம் இன்று வீட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அரசியல் மேடையில் அத்திவாரத்துக்கும் கூரைக்கும் என்ன வேலை என்று எவரேனும் வினவலாம். பிறர் பறித்த காணியை மீட்கப் போராடுகின்றோம். நம் கையாலேயே ஈடு வைத்து இழக்கும் காணியைப் பற்றி வாய் திறவாதிருத்தல் தகுமா? இதுவே எமது மறுமொழி.

சட்டத்தொழிலில் நாம் அடிக்கடி காண்பதொன்றைச் சொல்வோம். விவசாயி ஒருவர் மகளுக்குக் கலியாணம் பேசுகின்றார். "வீட்டில் எத்தனை அறை?" என்பதே மாப்பிள்ளை வீட்டாரின் முதற் கேள்வி. அவர் 1,800 சதுர அடிக்கு அத்திவாரம் இடுகின்றார். சுவர் எழும்ப வயல் ஈட்டுக்குப் போகின்றது. கூரை ஏற நகை அடைவுக்குப் போகின்றது. பூச்சு வேலை வரும்போது கையில் ஒன்றுமில்லை. சாந்து பூசாத சுவர்களுக்கு நடுவே இரண்டு அறைகளில் குடித்தனம் நடக்கின்றது. ஏனைய அறைகளில் விறகும் பொச்சும் கிடக்கின்றன. தேசவழமைப்படி சீதனமாக எழுதிய வீடு மகளின் சொத்து. அது நல்ல வழமையே. ஆனால், அவ்வீட்டுக்காக ஈடு வைத்த வயலோ அவளுடைய தம்பிக்கு வரவேண்டிய முதுசம். மகளுக்கு வீடு, மகனுக்கு ஈடு! இதுவோ நாம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் ஆதனம்?

"நம் முன்னோர் பெரிய நாற்சார் வீடுகளில் வாழ்ந்தனரே" என்பர் சிலர். அவ்வீடுகளுள் ஒன்றையேனும் நிதானித்துப் பாருங்கள். அறைகள் சிறியவை, நெல்லும் பெட்டகமும் உடுதுணியும் இருக்கும் இடங்கள் அவை. மனிதர் வாழ்ந்தது திண்ணையில், விறாந்தையில், நடு முற்றத்தில். வசதியற்றோரின் மண்வீடும் அவ்வாறே: ஓலைக்கூரையின் கீழ் ஓர் அறை, ஒரு திண்ணை, புறம்பாக ஓர் அடுக்களை, சுற்றிலும் வேம்பும் பனையும். அறை சிறிது, நிழல் பெரிது. நாமோ நிழலை வெட்டியெறிந்து அறையைப் பெருக்கினோம். பிறகு வெப்பம் தாங்காமல் மின்விசிறியின் கீழ் அமர்ந்து மின்கட்டணத்தை நோகின்றோம்.

போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களும் நமக்குப் பாடம் புகட்டின. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டை உரியவரே கட்டுவித்தனர். அந்த அளவுக்குள் நின்றவர்களிற் பலர் கதவு பூட்டிக் குடிபுகுந்தனர். அளவைக் கூட்டியவர்களிற் பலர் கடன்பட்டனர். அளவுக்குள் நின்றும் பொருள் விலையும் கூலியும் ஏறியதனாற் கடன்பட்டோரும் உளர். அவர்கள்மீது நாம் குறை காணோம். 2016 ஆம் ஆண்டில் 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் முன்வைக்கப்பட்டபோது, நம் வெயிலுக்கும் வாழ்முறைக்கும் ஒவ்வாதவை அவை என்று நாம் எதிர்த்தோம். எதிர்த்தது சரி. ஆனால், பிறர் வரைந்த வீட்டை வேண்டாமென்ற நாம், நமக்கான வீட்டை வரைந்தோமா?

அதற்குச் சில நெறிகளைக் கூறுவோம். மேசன்மாரிடமும் பொறியியலாளரிடமும் கேட்டறிந்தவை இவை.

முதலாவது, வடிவம். 20 அடிக்கு 30 அடி வீட்டின் பரப்பு 600 சதுர அடி. சுற்றுச்சுவர் 100 அடி. அதே பரப்பை 10 அடிக்கு 60 அடியாக நீட்டினால் சுற்றுச்சுவர் 140 அடி. உள்ளே ஓர் அடி இடமும் கூடவில்லை. கல்லும் சீமேந்தும் கூலியும் கூடுகின்றன. மூலைகள் பெருகினாற் கூரைச் செலவும் பெருகும்.

இரண்டாவது, திசை. வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து அடிக்கும் சுவர்கள் அவ்விரண்டுமே. மேற்குச் சுவருக்கு விறாந்தையோ மரமோ காவல் வேண்டும். சோளகம் நுழையத் தெற்கில் யன்னல், அது வெளியேற எதிர்ச்சுவரில் யன்னல். உச்சி வெயில் முழுவதையும் ஏற்பது கூரையாதலின், அதை உயர்த்தி ஓடு வேயுங்கள்; வெறுந் தகரம் வெப்பத்தை உள்ளே இறக்கும்.

மூன்றாவது, தண்ணீர். குசினியும் குளியலறையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்தால் குழாய்ச் செலவு குறையும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டிற்கு மழையே ஊற்று. 600 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 5,000 லீற்றர் நீரைச் சேர்க்கலாம். பீலியும் தொட்டியும் ஆடம்பரமல்ல.

நான்காவது, வளர்ச்சி. சிறிதாகக் கட்டுதல் என்பது என்றும் சிறிதாகவே இருத்தல் அன்று. நாளை அறையொன்று சேர்க்கவிருக்கும் சுவரில் இன்றே வாசலளவுக்கு மேல்விட்டம் வைத்துக் கல்லால் அடைத்துவிடுங்கள். பணம் வந்த ஆண்டில் அந்தக் கல்லை எடுத்தால் வாசல் ஆயத்தம். முழு வீட்டுக்கும் வரைபடம் வரையுங்கள்; கையிலுள்ள காசுக்குக் கட்டுங்கள்; கட்டியதை முடியுங்கள்.

"கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஊர் கூடுமே, இடம் எங்கே?" என்று கேட்பீர்கள். முற்றமும் பந்தலும் எதற்கு உள்ளன? ஆண்டில் ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக முந்நூற்று அறுபத்து நான்கு நாள் வட்டி கட்டுவதோ? கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாளிகைகளையும் பாருங்கள். மேல்மாடி பூட்டிக் கிடக்க, முதிய தாயும் தந்தையும் கீழே ஓர் அறையில் ஒதுங்கியிருக்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமேந்து விலை எங்கே போயிற்று என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதியில் நின்ற பெரிய வீடுகளே அன்று மழையில் நனைந்தன. முடிந்த சிறிய வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். மாப்பிள்ளையைப் பெற்றோரே, எத்தனை அறை என்று கேளாதீர்கள், "காணியில் ஈடு உண்டா?" என்று கேளுங்கள். பொறியியலாளரே, படவரைஞரே, மாதத்தில் ஒரு நாளை ஊருக்குத் தந்து ஏழை விவசாயிக்கு அளவான வீடொன்றை வரைந்து கொடுங்கள். எம் தொழில் நண்பர்களே, ஈட்டுறுதியில் ஒருவர் ஒப்பமிடுமுன் அதன் ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்து விளக்குங்கள். அதற்கு நாம் கட்டணம் வாங்குவதில்லை என்று இம்மேடையிலேயே உறுதி கூறுகின்றோம்.

மாற்றான் எடுத்த நிலத்துக்காக வீதியில் இறங்கலாம், வழக்காடலாம். நாமே ஒப்பமிட்டுக் கொடுத்த நிலத்தை யாரிடம் போய்க் கேட்பது? கூரை தாழ்ந்திருக்கலாம். அதன் கீழ் வாழ்பவன் எவர்க்கும் கடன்படாதவனாக நிமிர்ந்திருக்கட்டும்.