கச்சா எண்ணெயின் கசடும் கணிப்பொறியின் மதிப்பீடும்

கச்சா எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் ஒரே தன்மையுடையது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மும்பையில் செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே பகுதியில் இயங்கும் இரு சுத்திகரிப்பு ஆலைகளின் வரலாறு இதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. 1954-லும் 1955-லும் அயல்நாட்டு நிறுவனங்கள் தொடங்கிய இவை 1970-களில் அரசுடைமையாயின. 1974-ல் பம்பாய் ஹை கடற்பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1976-ல் உற்பத்தி தொடங்கிற்று. அந்த எண்ணெய் இலேசானது, மெழுகுத்தன்மை மிக்கது. இறக்குமதியாகும் எண்ணெயிலோ கனமானவையும் உண்டு. இன்று நாட்டின் தேவையில் 85 சதவீதத்திற்கு மேல் இறக்குமதியால் நிறைவு பெறுகிறது. 2022-க்குப் பின் ரஷ்ய எண்ணெயும் பெருமளவில் வந்துள்ளது. விலையும் வரத்தும் மாறும்போது பலவகை எண்ணெய்களைக் கலந்தே ஆலையை நடத்த வேண்டியிருக்கிறது. இக்கலவையில்தான் அஸ்பால்டீன் என்னும் பொருள் சிக்கலை விளைவிக்கிறது.

அஸ்பால்டீன் என்பது கச்சா எண்ணெயின் மிகக் கனமான பகுதி. டொலுயீனில் கரையும், ஹெப்டேனில் கரையாது. அதன் நுண்துகள்களை எண்ணெயிலுள்ள பிசின் வகைப் பொருள்களும் அரோமாட்டிக் சேர்மங்களும் மிதக்கவிட்டுத் தாங்கி நிற்கின்றன. மெழுகுத்தன்மை மிக்க இலேசான எண்ணெய் அளவு மீறிச் சேர்ந்தால் இச்சமநிலை குலைகிறது. கரிய கசடு பிரிந்து படிகிறது. எண்ணெய்களைக் கலக்கும் விகிதம் மட்டுமின்றி, எதில் எதைச் சேர்ப்பது என்ற வரிசையும் இதில் முக்கியமாகும்.

அஸ்பால்டீன் மிகுதியாக இருந்தால் தொல்லையும் மிகுதி என்று கருதத் தோன்றும். அனுபவம் அவ்வாறு கூறவில்லை. வெனிசுலாவின் போஸ்கான் எண்ணெயில் அது சுமார் 17 சதவீதம். ஆயினும் அங்குத் தொல்லை பெரிதாக எழவில்லை. அல்ஜீரியாவின் ஹாஸி மெஸ்ஸௌத் எண்ணெயில் அது ஒரு சதவீதத்திலும் மிகக் குறைவு. அங்கோ கிணற்றுக் குழாய்கள் அடைபட்டன. ஆகவே ஒரு பொருளின் அளவைக் காட்டிலும் பொருள்களுக்கிடையே உள்ள சமநிலையே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆலையில் இக்கசடு வெப்பப் பரிமாற்றிகளின் குழாய்களில் படிகிறது. வெப்பம் சரிவரக் கடத்தப்படாததால், குறைபட்ட வெப்பத்தை ஈடுசெய்ய உலையில் கூடுதல் எரிபொருள் எரிக்கப்படுகிறது. இறுதியில் சாதனத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய நேரிடுகிறது. அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கிய எண்ணெயின் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது. கூடுதலாக எழும் புகை சுற்றுப்புற மக்களின் காற்றில் கலக்கிறது.

எனவே கசடு பிரியுமா என்பதை முன்கூட்டியே அறிவது அவசியமாகும். ஆய்வுக்கூடச் சோதனை நம்பகமானது. ஆனால் ஒவ்வொரு கலவையையும் ஒவ்வொரு விகிதத்திலும் சோதிப்பதற்குக் காலமும் செலவும் மிகுதி. இங்குதான் செயற்கை நரம்பு வலை என்னும் கணிப்பொறி முறை துணைபுரிகிறது. எண்ணெயின் அடர்த்தி, அதன் நான்கு பகுதிகளின் விகிதம், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவை அதற்குத் தரப்படுகின்றன. அது ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. அம்மதிப்பீடு சோதனை முடிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வலையின் உள் எடைகள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. பிழையைப் பின்னோக்கிச் செலுத்தித் திருத்தும் இம்முறை 1986-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று. பெட்ரோலிய ஆய்வாளர்கள் இதை அஸ்பால்டீன் கணிப்புக்கும் பயன்படுத்தியுள்ளனர்.

ஆயினும் இதன் வரம்பை உணர்தல் வேண்டும். சில பத்துச் சோதனைகளை மட்டும் கொண்டு பயிற்சி பெற்ற வலை, பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்த மாணவனை ஒத்தது. பயிற்சியில் காட்டாத சோதனைகளைத் தனியே ஒதுக்கி, அவற்றைக் கொண்டே அதன் தேர்ச்சியை அளவிட வேண்டும். வளைகுடா எண்ணெயை மட்டும் கண்ட வலை, புதிய நாட்டின் எண்ணெயைப் பற்றித் தயக்கமின்றி ஒரு விடையைத் தரும். அவ்விடை சரியானது என்பதற்கு உத்தரவாதமில்லை.

பொருளாதார நோக்கில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கணிப்பில் இருவகைப் பிழைகள் உண்டு. நல்ல கலவையை ஆபத்தானது என்று கூறினால், மலிவான எண்ணெய் கைநழுவிப் போகும். ஆபத்தான கலவையை நல்லது என்று கூறினால், குழாய் அடைபடும். இவ்விரண்டின் இழப்பும் சமமல்ல. எந்த அளவு ஐயத்தில் எண்ணெயை வாங்காமல் விடுவது என்ற வரம்பை இழப்புகளை எடைபோட்டு நிருவாகமே வகுக்க வேண்டும். சராசரிப் பிழை குறைவு என்னும் சான்று மட்டும் அதற்குப் போதாது.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. நரம்பு வலையை எழுதுவது இன்று எளிது; அதற்கு ஊட்டமாகும் சோதனைப் பதிவேடு அரிது. கசடு பிரியாத கலவைகளையும் பிரிந்த கலவைகளையும் ஒரே ஒழுங்குடன் பதிவு செய்தல் வேண்டும்; தோல்வியை மறைத்த பதிவேட்டிலிருந்து வலை எதையும் கற்க இயலாது. 1933-ல் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றி, இன்று மாட்டுங்காவில் இயங்கும் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்திற்கும் மாஹுல் ஆலைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர்களே. இத்தகைய கல்வி நிலையங்களும் ஆலைகளும் பொதுவானதொரு பதிவேட்டைப் பேணுமாயின், அதற்காகும் செலவு ஒரு சாதனம் நின்றுபோவதால் நேரும் இழப்புடன் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முதலீடாகும்.