பட்டும் பொன்னாடையும்



சங்கரன்கோவில் வீதிகளுக்குத் தறியோசை புதிதன்று. அது விசைத்தறியின் ஓசை. இவ்வூருக்குச் சோறிட்ட அதனைப் பழிப்பது நன்றியாகாது. காஞ்சிபுரத்துக் குழித்தறியோ வேறு உலகம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி, சேலைக்கு மட்டும் விலை பேசியதனால்தான் பட்டு நெசவு தளர்ந்தது.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் உள்ளது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என மூன்று ஓடும். கரையின் நிறம் உடலிற் கலவாமல், ஒவ்வோர் ஊடையிலும் இழையோடு இழை பூட்டப்பெறும். இதற்கு நெசவாளர் ஒருவர் போதார். பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும். முற்காலத்தில் அக்கை பெரும்பாலும் சிறுவர்களுடையது. பள்ளி அவர்களை மீட்டது, மீட்டது நன்றே. ஆயின் அவ்விடத்தில் அமரும் பெரியவருக்குரிய கூலியைச் சேலையின் விலையிற் சேர்க்க எவரும் முன்வரவில்லை. கோர்வை அருகியது, ஒரே நாடாவில் ஓடும் எளிய சேலைகள் பெருகின.

அரண்கள் இல்லாமலில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. காஞ்சிப் பட்டு 2005இலும், திருபுவனம் பட்டு 2019இலும் புவிசார் குறியீடு பெற்றன. எனினும், 1995-96 கணக்கெடுப்பின்படி நாடெங்கும் 65 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20இல் 35 இலட்சமாயினர். குறியீடு பெயரைக் காக்கும். நெசவாளரின் அடுப்பை அது அறியாது.

நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் போலிச் சரிகை உள்ளே நுழைகிறது. வாங்குவோர் சிறிது அறிந்திருந்தால் இது நடவாது: அசல் சரிகையைச் சுரண்டினால் சிவந்த பட்டிழை தெரியும், பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் எழும், சாம்பல் விரலிற் பொடியும். செயற்கை இழையோ உருகிக் கட்டியாகும்.

மீட்சிக்குக் கண்காட்சிகள் போதா. கோர்வைக்கு இருவர் கூலி என்பது விலைச்சீட்டிலேயே தனியே எழுதப்பட வேண்டும். நெய்தவர் பெயரும் அதில் இருக்கட்டும். தென்காசிப் பகுதியில் மல்பெரி பயிரிட்டுக் கூடு எடுக்கும் உழவர்கள் உள்ளனர். கூட்டை விற்பதோடு நில்லாமல் நூலாக்கும் பணியும் அருகிலேயே அமைந்தால், வருவாயில் ஒரு பங்கு இம்மண்ணிலேயே தங்கும்.

சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது நெசவாளர் இருக்கையை மறவாது காட்டுகிறது. இக்காலக் கவிதையிலோ மணமகளின் பட்டு மின்னுகிறது. தறிக்குழி இருட்டிலேயே கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இலக்கிய விழாக்களில் போர்த்தப்படும் பொன்னாடைகளுள் பல, பொன்னுமல்ல, பட்டுமல்ல, செயற்கை இழை. பெற்றவர் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடப்பவை. பத்தாண்டு கண்ட இவ்வமைப்பு, பதினோராம் ஆண்டு முதல் பத்துப் பொன்னாடைகளின் செலவில் இரண்டு கைத்தறித் துண்டுகளை வாங்கிப் போர்த்தலாம். சிறப்புப் பெறுவோர் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.