உயிரைக் காப்பதும் சங்க வேலையே
(முகத்துவாரக்குப்பத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மோடு கொடி பிடித்த ஒருவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. "குடித்துக் கிடப்பான்" என்று சொல்லி இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் பிணம்தான் கண்டோம். அந்தக் குற்றம் நமதே.

2022-ல் நாடெங்கும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர்; தமிழ்நாட்டில் 19,834 பேர். சர்க்கார் கணக்கே இது. நாட்டில் இப்படி மாண்டோரில் நாலில் ஒருவர் அன்றாடக் கூலி! இவர்கள் கோழைகளா? அல்ல. கடனும் வேலையின்மையும் நெருக்கியவர்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையையும் படகையும் பாழாக்கியபோது, அந்த நெருக்கடியை இக்குப்பம் கண்டது.

கவலை மறக்கக் குடிக்கிறான். குடி கடனை வளர்க்கிறது. போதை நிதானத்தைப் பறிக்கிறது. விடிந்தால் மறையக்கூடிய எண்ணம் இரவிலே காரியமாகிவிடுகிறது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை சர்க்கார் கையில். லாபம் கஜானாவுக்கு, ஒப்பாரி நமக்கு!

கடையை மூடக் கோருவோம். அதுவரை கைகட்டி இருப்போமா? தெருவுக்கு ஓர் ஆண், ஒரு பெண் பொறுப்பேற்கட்டும். வேலைக்கு வராதவரை அன்றே தேடிச் செல்வோம். "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்போம், கேட்பதால் எண்ணம் வளராது. தனியே விடோம். 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோம். போலீசுக்கு அஞ்சி மறைக்காதீர்கள்: 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைத் தண்டிக்க அல்ல, பராமரிக்கவே சொல்கிறது.

இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தது. தற்கொலை வெகுவாகக் குறைந்தது. தடுக்க முடியும், தோழர்களே! இன்றிரவே பெயர் கொடுங்கள்.