குடைக்குள்ளே யாரு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாரல்ல நனைஞ்சாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காத புளியறைப் பெருமக்களே, தாய்மார்களே!

காட்டின் கணக்கைச் சரியாகச் சொல்வது வானமா, மண்ணா? எதிரணி நண்பர் வானம் என்றார், செயற்கைக்கோள் என்றார். நான் மறுக்கலை. பிரேசில் நாடு 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காடு எவ்வளவு அழிஞ்சதுன்னு செயற்கைக்கோளை வச்சுத்தான் சொல்லுது. அவ்வளவு பெரிய காட்டை நடந்தா அளக்க முடியும்?

ஆனா ஒண்ணு. மழை நாள்ல மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பாருங்க. குடை தெரியும். குடைக்குள்ளே வர்றது மாமனாரா, கடன் கொடுத்தவரான்னு தெரியுமா? (சிரிப்பு)

டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் என்ன சொல்லுது? ஒரு ஹெக்டேர் நிலத்திலே மரக்கிளையின் நிழல் 10 சதவீதம் விழுந்தா அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் – கேள்வியே கிடையாது. இங்கிருந்து ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரைக்கும் போங்க. மலைக்காடும் வரும், ரப்பர் தோட்டமும் வரும். ரெண்டும் ஒரே கணக்குல ஏறும்! 2023 அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். 2021-ஐ விட 156 கூடுதல். சந்தோஷம். எது போய், எது வந்து கூடினது? ஒரு பக்கம் நூறு ஏக்கர் சோலை போய், இன்னொரு பக்கம் நூறு ஏக்கர் தோட்டம் வந்தா, கூட்டிக் கழிச்சா இழப்பு பூஜ்யம். சிங்கவால் குரங்குகிட்டே அந்தக் கணக்கைக் காட்ட முடியுமா?

அடுத்து கரி. காய்ஞ்ச மரம் ஆயிரம் கிலோன்னா, அதிலே ஏறத்தாழ 470 கிலோ கரி. எரிஞ்சா வர்ற கரியமில வாயு 1,700 கிலோவுக்கு மேலே. மரத்தை விடப் புகை கூடுதலான்னு கேட்காதீங்க. 12 பங்கு கரி, காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கிட்டு 44 பங்கா ஆகுது. கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பமே வர்ற மாதிரி! (கைதட்டல்) சரி, அந்த ஆயிரம் கிலோவை அளந்தது யாரு? ஆள்தான். மார்பு உயரத்திலே நாடாவைச் சுற்றி, உயரம் பார்த்து, என்ன மரம்னு பார்த்துக் கணக்குப் போடணும். அந்த நிறுவனமே கரிக் கணக்குக்குக் காட்டுக்குள்ளே ஆள் அனுப்புது.

இன்னொண்ணு. இந்தியக் காடுகளின் கரியில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளே இருக்குன்னு அதே அறிக்கை சொல்லுது. செயற்கைக்கோள் படத்திலே மண்ணுக்குள்ளே தெரியுமா? தோண்டித்தான் எடுக்கணும். மண்ணைத் தோண்டினா நீங்க எங்க கட்சி!

நடுவர் மணியைத் தொட்டுட்டார். எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி. அந்த ரப்பர் தோட்டம் காடா, இல்லையா? காடுன்னா, ஏன்னு இந்த ஊர்க்காரங்ககிட்டே சொல்லுங்க. இல்லைன்னா, உங்க வானத்துக் கணக்கிலேருந்து அதைக் கழிச்சுட்டு வாங்க.