வற்றிய குளமும் வற்றாத கிணறும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



தோல்வி கண்டு நிற்பவன் எங்கே போய் வழி கேட்பது? இதுவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்குத் துணையாக ஒரு பழஞ் சீன நூலை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இந்து வாலிபர் கூடிய சபையிலே சீன நூலுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். சீனம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. திருக்கேதீச்சரப் பெருமான் கோயில் கொண்ட மாந்தையிலே, 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வாய்வில் பழைய சீனப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் ஒரு கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நாட்டுவித்த அக்கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. சரக்கு வந்த கரைக்குக் கருத்தும் வரலாமன்றோ?

வழி தெரியாத வேளையில் சீட்டுப் போட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. கோயிலிலே வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொதிந்து வைத்து ஒன்றை எடுக்கிறோம். திருமுறை ஏட்டிலே கயிறு சாத்தி, அகப்பட்ட பதிகத்தை இறைவன் திருவுள்ளமாகக் கொள்வது சைவ மரபு. நான் படித்தது மிஷன் பாடசாலையில். யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் என்பவரைச் சீடர்கள் சீட்டுப் போட்டே தெரிந்தெடுத்தார்கள் என்று அங்கே கற்றேன். மனிதன் தன் அறிவு எட்டாத இடத்தில் தன்னிலும் பெரிய ஒன்றிடம் கேட்கிறான். இவ்வழக்கம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

சீனருடைய அந்த நூலுக்கு யீ சிங் என்று பெயர். மாற்றங்களின் நூல் என்பது பொருள். முழுக்கோடு, நடுவில் முறிந்த கோடு என இரண்டே அடையாளங்கள். அவற்றை ஆறாக அடுக்கினால் 64 வடிவங்கள் வரும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயரும், ஓர் உவமையும், அறிவுரையும் உண்டு. கேட்பவன் 50 செடித்தண்டுகளில் ஒன்றை விலக்கி, மற்ற 49ஐயும் பிரித்து எண்ணியோ, மூன்று நாணயங்களை ஆறு முறை எறிந்தோ தனக்குரிய வடிவத்தைக் காண்கிறான். பின்னாளில் வென் அரசர் என்று போற்றப்பட்டவர், ஷாங் வேந்தனின் சிறையிலே கிடந்த காலத்தில் இவ்வடிவங்களுக்கு விளக்கம் எழுதினார் என்பது சீனரின் மரபு. கன்பூசியஸ் இந்நூலை ஓயாது படித்ததனால், மூங்கில் ஏடுகளைக் கோத்த தோல்வார் மூன்று முறை அறுந்ததாகவும் சொல்வார்கள். ரிச்சர்ட் வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் மிஷனரி இதனை மொழிபெயர்த்து 1924இல் வெளியிட்டார். 1950இல் வந்த ஆங்கிலப் பதிப்புக்கு உளநூல் அறிஞர் கார்ல் யுங் முன்னுரை எழுதினார்.

நிற்க. இந்நூல் என் கைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். முதன்முறை உயர்தரப் பரீட்சை எழுதியபோது என் பெறுபேறு வெட்டுப்புள்ளிக்கு வெகுதூரம் கீழே நின்றது. அதே ஆண்டில் தண்ணீர் போதாமல் அப்பாவின் சிறுபோகமும் கருகிற்று. அம்மா என் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சாத்திரியாரிடம் போனார். "ஏழரைச் சனி, படிப்பு இனி ஏறாது, பொடியனை வெளிநாட்டுக்கு அனுப்புங்கோ" என்று அவர் சொல்லிவிட்டார். இருந்த காணியை ஈடுவைத்து முகவருக்குப் பணம் கட்டும் பேச்சு வீட்டில் எழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. தோற்றவனுக்குப் பேச என்ன உரிமை என்று இருந்துவிட்டேன்.

அப்பொழுது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்நூலின் ஆங்கிலப் பதிப்பை எனக்கு இரவல் தந்தார். விளையாட்டாக மூன்று ஐந்து ரூபாய்க் குற்றிகளை எறிந்தேன். வந்தது 47ஆவது வடிவம். அதன் பெயர் இடுக்கண் அல்லது சோர்வு. அதற்கு நூல் காட்டும் உவமை, நீர் கீழே இறங்கிவிட்ட வெறும் ஏரி. கட்டுக்கரைக் குளத்தை நம்பி வாழும் ஊரிலே பிறந்தவனுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? அப்பாவின் வயலும் என் மனமும் அப்படித்தான் கிடந்தன. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 48ஆவது வடிவத்தின் பெயர் கிணறு! ஊர் இடம் மாறினாலும் கிணறு மாறாது என்பதும், கயிறு எட்டாமற் போனாலோ குடம் உடைந்தாலோ கிணற்றால் பயனில்லை என்பதும் அதன் கருத்து.

அன்றிரவு நான் உறங்கவில்லை. "நான் இனித் தேறுவேனா?" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். "என் கயிறு எங்கே எட்டவில்லை?" என்ற கேள்வி அன்றுதான் பிறந்தது. விடிந்ததும் பழைய வினாத்தாள்களை எடுத்து, நேரம் வைத்து எழுதி, நானே புள்ளியிட்டுப் பார்த்தேன். இரசாயனவியலிலே பாதிப் பாடத்தை விளங்காமல் மனனம் செய்திருந்தமை தெரியவந்தது. அந்தத் தாள்களை அப்பாவிடம் கொண்டுபோய், "இன்னும் ஒரு வருடம் தாருங்கோ" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "காணி எங்கேயும் ஓடாது, படி" என்றார்.

இரண்டாம் முறை தேறினேன். விரும்பிய மருத்துவம் கிடைக்கவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்தது. என்னோடு மறுமுறை எழுதிய நண்பன் ஒருவன் மீண்டும் தவறினான். இன்று அவன் மோட்டார் திருத்தும் தொழில் கற்றுத் தன் காலில் நிற்கிறான். என்னிலும் அவன் தாழ்ந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு நாவெழாது. அவனும் தன் கிணற்றைக் கண்டுகொண்டான்.

விஞ்ஞானம் படிக்கும் நீ குறியை நம்புகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாணயம் விழுவது தற்செயலே. மூன்று நாணயத்தை எறிந்தால் மூன்றும் தலையாக விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அதற்கு என் பரீட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. 47க்குப் பதிலாக வேறொரு வடிவம் வந்திருந்தாலும் நான் எதையேனும் கற்றிருக்கக்கூடும். ஆயினும் சாத்திரியார் சொன்ன குறிக்கும் இந்நூலுக்கும் பெரியதொரு வேறுபாடு கண்டேன். அவர் என் எதிர்காலத்தைச் சொல்லி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். இந்நூல் நான் நிற்கும் இடத்தைக் காட்டி, இவ்விடத்தில் நல்லவன் எப்படி நடப்பான் என்று கேட்டது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவனுக்கு விடையில்லை என்ற கருத்தும் இந்நூலிலேயே உண்டு. பிடித்த பதில் வரும்வரை பத்துப் பேரிடம் குறி கேட்டுப் பணத்தை இழப்பவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

சகோதரர்களே! இந்நூலின் 63ஆவது வடிவத்தின் பெயர் முடிந்துவிட்டது. ஆனால் அதுவே கடைசியன்று. 64ஆவதாக வந்து நூலை நிறைவு செய்யும் வடிவத்தின் பெயர் இன்னும் முடியவில்லை! எல்லாம் முடிந்துவிட்டதென்று இருளிலே உட்கார்ந்திருக்கும் இளைஞர் நம் ஊரிலே எத்தனை பேர்? பெறுபேறு வரும் நாளில் தேறியவன் வீட்டுக்கு எல்லோரும் போகிறோம். இனித் தவறியவன் வீட்டுக்கும் நம்மில் இருவர் போவோம். புத்திமதி சொல்ல வேண்டாம். அவனோடு திண்ணையில் இருந்து, கயிறு எங்கே எட்டவில்லை என்று சேர்ந்து பார்ப்போம். நம்மிடம் ஒரு முழம் கயிறு இருந்தால் அதனையும் அவன் கயிற்றோடு முடிந்து கொடுப்போம்.