பேரு மாத்தாத வண்டி

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய கார் வாங்கி விற்கிற தொழிலில் இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் டிங்கரிங் பட்டறையில் எடுபிடி. நம்ம பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலும் பட்டறை வழியாகத்தான் வருகிறோம். அப்பன் கொடுத்த பணத்தைப் போட்டு வருகிறவன் குறைவு. ஃபைனான்ஸ்காரரிடம் போனால் முதல் கேள்வி, "எந்தத் தெரு?" அடுத்தது, "ஜாமீன் யாரு?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னதுமே கடன் இல்லை என்று தெரிந்துவிடும். அதனால் கமிஷனுக்குத்தான் ஆரம்பித்தேன். கையில் காசில்லாதவனுக்கு நாணயம்தான் முதல். அந்த முதலையும் ஒருதடவை தொலைத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர். தெருவுக்குள் வந்த முதல் கார் அவருடைய மாருதி 800. "வித்துக் குடுப்பா" என்று என்னிடம் தந்தார். 29, 30 படிவங்களை நிரப்பாமலே கையெழுத்து வாங்கினேன். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். வாங்கியவர் ஒரு புரோக்கர். அவர் இன்னொருத்தருக்கு விற்றார். யாரும் பேர் மாத்தவில்லை. மாத்தினால் செலவு, ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை கூடினால் விலையும் இறங்கும்.

ஏழு மாசம் கழித்து அந்த வண்டி ஒரு கட்டிடத் தொழிலாளியை அடித்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லை. நோட்டீஸ் வாத்தியாருக்கு வந்தது. "நான்தான் வித்துட்டேனே தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடிபட்டவரும் நம்ம சனம்தான். யாரை எதிர்த்து வாதாடுவது? தீர்ப்பான நஷ்டஈட்டில் பாதியை நான் கட்டினேன். மீதியை அவர் ஓய்வூதியத்தில் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்குது.

நவீன்குமார் – விஜயகுமார் வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் யார் பேரோ, நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு.

ஆகவே, விற்கிறவர் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. தேதி, நேரம் குறித்த டெலிவரி நோட்டில் வாங்குகிறவர் கையெழுத்து வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 1988ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 50. கடன் வண்டியென்றால் ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீங்க.

தொழிலுக்கு வருகிறவர்கள் கவனியுங்கள். 2023 ஏப்ரல் முதல் வியாபாரிக்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் 29சி படிவத்தில் பதிய வேண்டும். அதன்பிறகு பொறுப்பு வியாபாரியுடையது. அன்றே இது இருந்திருந்தால் வாத்தியார் கோர்ட் படி ஏறியிருக்க மாட்டார்.

இன்னொன்று. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முங்கிய வண்டிகளைக் கழுவி, சென்ட் அடித்து விற்றார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை இருக்கும். சீட்டுக்கடியில் போல்ட் துருவேறியிருக்கும். என்னிடமும் அப்படி ஒன்று மாட்டியது. உண்மையைச் சொல்லி நஷ்டத்துக்கு விற்றேன். வாங்கியவர் அடுத்த வருசம் தன் மச்சானையும் கூட்டிவந்தார்.

இப்பவும் "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். சத்தமாகச் சொல்கிறேன். பேர் மாத்தின ஆர்.சி.யையும் கையில் கொடுக்கிறேன்.